காரைக்கால் அம்மையார் மரபில் நம்பிக்கையும் சான்றும்

ஆய்வுச்சுருக்கம்

சமயச் சான்றோர் ஒருவரைப் பற்றி நிலவும் நம்பிக்கைக்கும் அவரைப் பற்றிக் கிடைக்கும் சான்றுகளுக்கும் உள்ள உறவு யாது என்னும் வினாவைக் காரைக்கால் அம்மையார் மரபை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. அம்மையாரின் பாடல்கள், சுந்தரர், நம்பியாண்டார் நம்பி, சேக்கிழார் ஆகியோரின் பதிவுகள், சிற்பங்கள், மாங்கனித் திருவிழா ஆகியவை தனித்தனி அடுக்குகளாகப் பிரித்து நோக்கப்படுகின்றன. ஒப்பீட்டுக்கு மார்மன் சமயத்தின் நிலை எடுத்துக்கொள்ளப்படுகிறது. புராணத்தைப் பாடல்களுக்கு உரையாகக் கொள்ளும் வழக்கம் புலவரின் குரலை மறைக்கிறது. புராணத்தைப் பொய்யென்று ஒதுக்கும் வழக்கமோ அதன் சான்றுப் பயனை இழக்கச் செய்கிறது. சான்று ஒவ்வொன்றையும் அதற்குரிய காலத்தில் நிறுத்திப் பார்ப்பதே ஆய்வின் கடமை என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: காரைக்கால் அம்மையார், பெரியபுராணம், அகச்சான்று, மாங்கனித் திருவிழா, நம்பிக்கை, மார்மன் நூல்

முன்னுரை

காவிரிக் கழிமுகக் கடற்கரையில், தமிழக மாவட்டங்களால் சூழப்பெற்று, புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சார்ந்த நிலமாக விளங்குவது காரைக்கால். 1739இல் பிரெஞ்சுக்காரர் வசமாகி, 1954 நவம்பர் 1ஆம் நாள் இந்திய ஆட்சியின்கீழ் வந்த இவ்வூரின் பெயரைத் தமிழுலகுக்கு அறிமுகப்படுத்தியவர் அறுபத்து மூவருள் ஒருவரான காரைக்கால் அம்மையார். அவரது வரலாற்றை அறியாத தமிழர் அரியர். கணவன் அனுப்பிய இரு மாங்கனிகளுள் ஒன்றைச் சிவனடியாருக்கு அளித்ததும், இறையருளால் வேறொரு கனி பெற்றதும், பேய் வடிவம் கொண்டு கயிலையைத் தலையால் நடந்து ஏறியதும் பள்ளிப் பாடநூல் முதல் இலக்கிய வரலாற்று நூல்கள் வரை ‘வாழ்க்கை வரலாறு’ என்னும் தலைப்பிலேயே சொல்லப்பட்டு வருகின்றன.

இவ்விடத்தில் ஆய்வாளர் கேட்க வேண்டிய வினா ஒன்று உண்டு. நாம் வரலாறு என்று கூறும் இச்செய்திகளுள் எவை சான்றால் அறியப்பட்டவை, எவை நம்பிக்கையால் ஏற்கப்பட்டவை? இவ்விரண்டும் கலந்து நிற்பதனால் ஆய்வுக்கு நேர்வது என்ன? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். நம்பிக்கையை மறுப்பதோ நிறுவுவதோ இதன் நோக்கமன்று.

மூவகைக் கூற்றுகள்

சமய மரபொன்று முன்வைக்கும் கூற்றுகளை மூன்றாக வகுத்துக்கொள்வது இவ்வாய்வுக்குத் துணைசெய்யும். முதலாவது, சான்றால் சோதிக்கத்தக்க கூற்று. ஒரு நூலை இயற்றியவர் யார், அது எக்காலத்தது, இன்ன பெயர் முதலில் எங்கே வருகிறது என்பன இவ்வகையின. இரண்டாவது, சான்றால் சோதிக்க இயலாத அற்புதக் கூற்று. இறைவன் அருளால் கையில் கனி வந்தது என்பதை எக்கல்வெட்டும் மெய்ப்பிக்காது; மறுக்கவும் செய்யாது. மூன்றாவது, பொருள் பற்றிய கூற்று. அடியவர் என்பவர் யார், அன்பு எத்தகையது, பெண்ணின் துறவு எதைக் குறிக்கிறது என்பன இதன்பாற்படும்.

பெரும்பாலான பூசல்கள் இம்மூன்றையும் ஒன்றாகக் கருதுவதால் எழுகின்றன. அற்புதத்தை நம்புகிறவர் முதல்வகைக் கூற்றையும் சேர்த்தே நம்ப வேண்டும் என்று எண்ணுகிறார். முதல்வகைக் கூற்றை ஐயுறுகிறவர் மூன்றாம் வகையையும் சேர்த்தே தள்ளிவிடுகிறார். இரண்டும் வேண்டாதவை.

பாடல்கள் தரும் அகச்சான்று

அம்மையார் பற்றிய சான்றுகளுள் தலையாயவை அவருடைய பாடல்களே. திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டு, திருவிரட்டை மணிமாலை, அற்புதத் திருவந்தாதி ஆகியன பதினோராம் திருமுறையில் இடம்பெற்றுள்ளன. பதிகங்கள் திருக்கடைக்காப்பு உள்ளிட்டு 22 பாடல்களும், இரட்டை மணிமாலை 20 பாடல்களும், அந்தாதி 101 பாடல்களும் கொண்டு, மொத்தம் 143 பாடல்களாக அமைகின்றன.

இப்பாடல்கள் தம்மைப் பாடியவரைப் பற்றிச் சொல்லும் செய்திகள் மிகச் சில. பதிகங்களின் இறுதிப் பாடல்களிலும் அந்தாதியின் இறுதிப் பாடலிலும் புலவர் தம்மைக் காரைக்கால் பேய் என்று குறிப்பிடுகிறார். பிறந்து மொழி பயின்ற காலந்தொட்டே இறைவன்பால் காதல் மிக்கதை அந்தாதியின் தொடக்கம் சொல்கிறது. இறைவனைச் சூழ்ந்த பேய்க் கணத்துள் தாமும் ஒருவராகிவிட்ட பெருமிதத்தை அதே நூலின் பிற்பகுதிப் பாடலொன்று புலப்படுத்துகிறது. ஊர் இன்னது, தம் பெயராகக் கொண்டது இன்னது, அன்பு தொடங்கிய பருவம் இன்னது, தாம் சேர்ந்த கூட்டம் இன்னது என்னும் நான்கு செய்திகளையே அகச்சான்றாக நாம் பெறுகிறோம்.

புனிதவதி என்னும் பெயரோ, கணவனோ, மாங்கனியோ, தலையால் நடந்த செய்தியோ இப்பாடல்களில் இல்லை. அவை காட்டும் உலகம் இடுகாட்டு உலகம். கள்ளியும் ஈமத்தீயும் நரியும் கூகையும் பேய்க் கூட்டமும் நிறைந்த அவ்விடத்தில் நடுவே இறைவன் ஆடுகிறான். முதற்பதிகத்தின் தொடக்கத்தில் வற்றிய மார்பும் புடைத்த நரம்பும் குழிந்த கண்ணும் கொண்ட பெண்பேயொன்று வருணிக்கப்படுகிறது. இதனை அம்மையாரின் தன்னுருவ ஓவியம் என்று கொள்ளும் வழக்கம் உண்டு. ஆயினும் அப்பாடலில் பேய் படர்க்கையில் வைத்தே கூறப்படுகிறது. தன்னைப் பற்றிய கூற்றாக அது அமையவில்லை. தன்னுருவ ஓவியம் என்பதும் ஒரு விளக்கமே அன்றி நேர்ச்சான்று அன்று.

பேய் என்னும் சொல்லை இழிவுப் பெயராகக் கொள்ள வேண்டுவதில்லை. போர்க்களத்தில் ஆடும் பேய்மகளிரைச் சங்கப் புறப்பாடல்கள் முன்னரே காட்டியுள்ளன. வைணவ மரபிலும் முதலாழ்வார் மூவருள் ஒருவர் பேயாழ்வார் எனப்படுகிறார். உலகியலைக் கடந்த அன்பின் பித்துநிலையைச் சுட்டும் அடைமொழியாக அச்சொல் பக்தி இயக்கத்தின் தொடக்கக் காலத்தில் வழங்கியிருத்தல் கூடும்.

சுந்தரர் முதல் நம்பி வரை

பிறர் கூறும் சான்றுகளுள் முந்தியது சுந்தரரின் திருத்தொண்டத் தொகை. பொதுவாக 8ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் இப்பதிகம் அம்மையாரைப் பேயார் என்னும் ஒரே சொல்லால் சுட்டிச் செல்கிறது. அம்மையார் சுந்தரருக்கு முற்பட்டவர் என்பது இதனால் உறுதியாகிறது. அவரை 5ஆம் அல்லது 6ஆம் நூற்றாண்டினராக ஆய்வாளர் பலர் கொள்வது, இதனோடு மொழிநடையையும் யாப்பையும் பிற மரபுச் செய்திகளையும் சேர்த்து எண்ணிச் செய்த உய்த்துணர்வாகும்.

அடுத்து வருவது நம்பியாண்டார் நம்பியின் திருத்தொண்டர் திருவந்தாதி. இது 10ஆம் நூற்றாண்டின் இறுதியையோ 11ஆம் நூற்றாண்டையோ சார்ந்தது. ஒரே பாடலில் நம்பி, இறைவனின் மலையைக் காலால் மிதியேன் என்று தலையால் நடந்து ஏறியதையும், அது கண்டு உமை நகைத்ததையும், இறைவன் அம்மை என்று அழைத்ததையும், அவர் காரைக்காலைச் சேர்ந்தவர் என்பதையும் கூறுகிறார். கயிலைப் பயணம் பற்றிய நம்பிக்கை சேக்கிழாருக்கு முன்னரே நிலைபெற்றுவிட்டது என்பதற்கு இப்பாடல் சான்று. மாங்கனியும் இல்லறமும் இங்கும் இடம்பெறவில்லை.

இவ்விடத்தில் எச்சரிக்கை தேவை. ஓர் அடியவருக்கு ஒரு பாடல் என்னும் அளவில் அமைந்த நூலில் எல்லாச் செய்திகளும் இடம்பெறா. ஆகவே நம்பி கூறாமை ஒன்றை மட்டும் கொண்டு மாங்கனிக் கதை அவர் காலத்தில் இல்லை என்று முடிவு செய்வது பொருந்தாது. காரைக்காலிலும் நாகையிலும் வாய்மொழியாக வழங்கிய கதையைச் சேக்கிழார் திரட்டியிருக்கவும் கூடும். சான்று இல்லை என்பது வேறு. நிகழவில்லை என்பது வேறு.

சிற்பச் சான்று

கம்போடியாவில் 967இல் நிறுவப்பெற்ற பன்டே ஸ்ரீ கோயிலின் முகப்புச் சிற்பமொன்றில் ஆடும் சிவனின் அருகே எலும்புருவான பெண்ணுருவம் ஒன்று அமைந்துள்ளது. இதனைக் காரைக்கால் அம்மையார் என்று அறிஞர் அடையாளம் கண்டுள்ளனர். முதலாம் இராசேந்திரன் எடுப்பித்த கங்கைகொண்டசோழபுரக் கோயிலில் ஆடவல்லானின் காலடியில் தாளமிட்டுப் பாடும் அம்மையாரைக் காணலாம். இலங்கையின் பொலன்னறுவையில் கிடைத்த செப்புத் திருமேனியும், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் கான்சாஸ் நகர அருங்காட்சியகத்திலும் உள்ள சோழர்காலச் செப்புத் திருமேனிகளும் அதே வடிவினவே.

கம்போடியச் சிற்பத்தில் பெயர்ப் பொறிப்பு இல்லை. அதன் அடையாளம் தமிழ் மரபை அறிந்தோர் ஒப்பீட்டால் கண்டதாகும். அதனை ஏற்றுக்கொண்டால், பேயுருவ அம்மையாரின் வழிபாட்டு நினைவு பெரியபுராணத்துக்கு ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்கு முன்பே கடல் கடந்து சென்றிருந்தது என்பது புலனாகும். இச்சிற்பங்கள் யாவும் காட்டுவது பாடும் பேயை. கனி ஏந்திய இல்லக்கிழத்தியை அவை காட்டவில்லை. பாடல்கள் தரும் வடிவத்தோடு இவை ஒத்துச் செல்கின்றன.

சேக்கிழாரின் புராணம்

இரண்டாம் குலோத்துங்கன் (1133–1150) காலத்தில் எழுந்த பெரியபுராணத்தில் காரைக்கால் அம்மையார் புராணம் 66 பாடல்களால் அமைந்துள்ளது. தனதத்தன் மகள் புனிதவதி, நாகை வணிகன் நிதிபதியின் மகன் பரமதத்தன், கணவனிடம் சிலர் கொடுத்த இரு கனிகள், கறி சமையாத வேளையில் வந்த அடியாருக்கு அம்மையார் சோற்றுடன் இட்ட கனி, கணவன் மீண்டும் கேட்க அருளால் வந்த கனி, அதன் சுவை வேறுபாட்டால் எழுந்த ஐயம் என்று கதை வளர்கிறது. பரமதத்தன் கலமேறிச் சென்று பாண்டிநாட்டுத் துறையொன்றில் வேறு மணம் செய்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்று பெயரிடுகிறான். சுற்றத்தார் அம்மையாரை அங்கு அழைத்துச் செல்ல, மனைவியோடும் மகளோடும் அவர் காலில் விழுகிறான். கணவனுக்காகத் தாங்கிய தசையை நீக்கிப் பேய்வடிவம் தருமாறு அம்மையார் வேண்டிப் பெறுகிறார்.

சேக்கிழார் செய்திருப்பதை உற்று நோக்க வேண்டும். பாடல்களில் காரணம் கூறப்படாமல் நின்ற பேய் என்னும் பெயருக்கு அவர் ஒரு காரணத்தைக் கதையாக அமைக்கிறார். மொழி பயின்ற நாள்முதல் கொண்ட காதல் என்னும் அந்தாதிச் செய்தியைப் பிள்ளைப் பருவ நிகழ்ச்சிகளாக விரிக்கிறார். பாடல்களே புராணத்துக்கு மூலங்களாக இருக்க, அப்புராணத்தைக் கொண்டு பாடல்களை விளக்கி, அவ்விளக்கத்தால் புராணம் மெய்ப்பட்டது என்று கொள்வது சுழல்வாதம் ஆகும்.

எனினும் புராணம் சான்று அன்று என்று ஒதுக்குவதும் தவறு. எக்காலத்துக்குச் சான்று என்பதே வினா. அம்மையார் காலத்து நிகழ்ச்சிக்கு அது நேர்ச்சான்று ஆகாது. 12ஆம் நூற்றாண்டுச் சோழநாட்டு மனவுலகுக்கோ அது வளமான சான்று. துறைமுகங்களை இணைக்கும் வணிகக் குடும்பங்கள், ஒரே மகளை ஊரிலேயே தனிமனையில் வைத்துக்கொண்ட தந்தை, கடல் வணிகம் சென்று மீளாத கணவன், கைவிடப்பட்ட மனைவியை அவனிடமே கொண்டு சேர்க்க முயலும் சுற்றம் ஆகியவை அக்காலக் கடற்கரைச் சமூகம் அறிந்திருந்த சிக்கல்கள். இல்லறக் கடமைக்கும் இறையன்புக்கும் இடையே ஒரு பெண் நிற்க நேர்ந்தால் எது முந்துவது என்னும் கேள்வியைச் சேக்கிழார் நேராக எதிர்கொள்கிறார். மனைவி தெய்வமானவுடன் அவளோடு வாழ அஞ்சும் கணவனைப் படைத்திருப்பது அவரது நுண்ணறிவைக் காட்டும்.

மாங்கனித் திருவிழா

காரைக்காலில் ஆண்டுதோறும் ஆனிப் பௌர்ணமியை ஒட்டி மாங்கனித் திருவிழா நிகழ்கிறது. மாப்பிள்ளை அழைப்பு, புனிதவதியார் திருக்கல்யாணம், பிச்சாண்டவர் வீதியுலா, அமுது படையல் என்று புராணக் கதை நகரின் தெருக்களில் நிகழ்த்திக் காட்டப்படுகிறது. பிச்சாண்டவர் உலாவின்போது வீட்டு மாடிகளிலிருந்தும் கூரைகளிலிருந்தும் பக்தர்கள் மாங்கனிகளை வீச, கீழே நிற்போர் அவற்றைப் பிடிக்கின்றனர். அக்கனியை உண்டால் பிள்ளைப்பேறு வாய்க்கும் என்பது நம்பிக்கை.

சேக்கிழாரின் கூற்றோடு ஒப்பிட்டால் இரு மாற்றங்கள் புலப்படும். பெரியபுராணத்தில் கனி பெற்றவர் பசித்து வந்த சிவனடியார் ஒருவர். விழாவில் சிவபெருமானே பிச்சாண்டவராக வருகிறார். பெரியபுராணத்தில் அம்மையாருக்கு மகப்பேறு கூறப்படவில்லை. விழாவிலோ அவர் பெயரால் வீசப்படும் கனி மகப்பேறு தருவதாகிறது. இல்லறத்தைத் துறந்தவரின் கனி இல்லறப் பேற்றுக்குரியதாக மாறியிருப்பது பிழையன்று. மக்கள் தம் வாழ்வின் தேவையைக் கதைக்குள் கொண்டுவந்து சேர்த்ததன் விளைவு அது. நம்பிக்கை பழஞ்செய்தியை அப்படியே காத்துவரும் பேழையன்று. காலந்தோறும் பொருளைப் புதுக்கிக்கொள்வது என்பதற்கு இவ்விழா கண்கூடான சான்று. திருவாலங்காட்டில் பங்குனிச் சுவாதியில் நிகழும் அம்மையார் குருபூசை ஆடல் கண்ட பேயாரை நினைக்க, காரைக்கால் கனியளித்த புனிதவதியாரை நினைக்கிறது. இரண்டு ஊர்களும் ஒரே அடியவரின் இரு அடுக்குகளைப் போற்றுகின்றன.

ஒப்பீடு: மார்மன் சமயம்

நம்பிக்கை முதல்வகைக் கூற்றையே அடித்தளமாகக் கொள்ளும்போது நேர்வதை அறிய, நம் மரபுக்கு வெளியே ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம். 1830இல் அமெரிக்காவில் ஜோசப் ஸ்மித் மார்மன் நூலை வெளியிட்டுத் தம் சபையை நிறுவினார். பொற்றகடுகளில் எழுதப்பட்டிருந்த பழைய ஏடு ஒன்றை இறையருளால் மொழிபெயர்த்ததாக அவர் கூறினார். எருசலேமிலிருந்து ஏறத்தாழ கி.மு. 600இல் புறப்பட்டு அமெரிக்காவில் குடியேறிய மக்களின் வரலாறாக அந்நூல் தன்னை முன்வைக்கிறது. அது குறிப்பிடும் குதிரை, எஃகு, கோதுமை முதலியன அக்காலத்து அமெரிக்காவில் இருந்தமைக்குத் தொல்லியல் சான்று தரவில்லை என்பதே துறை அறிஞரின் பொதுக்கருத்து.

இன்னொரு நூலின் நிலை மேலும் தெளிவானது. 1835இல் தம் சபையினர் வாங்கிய எகிப்தியப் பாப்பிரசுச் சுருள்களைக் கொண்டு ஆபிரகாம் நூலை மொழிபெயர்த்ததாக ஸ்மித் கூறினார். அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட அச்சுருள்களின் துண்டுகள் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலிருந்து 1967இல் சபைக்கு அளிக்கப்பட்டன. அவை இறந்தோருக்கான எகிப்தியச் சடங்கு நூல்களின் பகுதிகள் என்று எகிப்தியவியலார் படித்தறிந்தனர். துண்டுகளில் உள்ள எழுத்துகள் ஆபிரகாம் நூலோடு பொருந்தவில்லை என்பதைச் சபையே 2014இல் வெளியிட்ட கட்டுரையில் ஒப்புக்கொண்டது. மொழிபெயர்ப்பு என்பதை அகத்தூண்டலால் பெற்ற வெளிப்பாடு என்று விரித்துப் பொருள்கொள்ளவும் அக்கட்டுரை இடம் தந்தது. மார்மன் நூலின் முன்னுரையிலும் அந்நூல் மாந்தர் அமெரிக்கப் பழங்குடியினரின் முதன்மை மூதாதையர் என்றிருந்த தொடர், 2006 பதிப்பில் மூதாதையருள் அடங்குவோர் என்று மாறியது.

சபையினர் பலரின் நம்பிக்கை இதனால் குலையவில்லை. நூலின் உண்மையை இறைவனிடமே வேண்டி அறியுமாறு மார்மன் நூலின் இறுதிப் பகுதி கூறுகிறது. அவ்வகச்சான்றே அவர்களுக்கு முதன்மையானது. ஆயினும் சோதிக்கத்தக்க கூற்றோடு நம்பிக்கை பிணைக்கப்பட்டிருந்தமையால், சான்று மாறுந்தோறும் விளக்கமும் மாற வேண்டியதாயிற்று. ஐயுற்றோர் பலருக்கு அது குடும்பத்தையும் சபையையும் பிரியும் துன்பமாகவும் முடிந்தது.

காரைக்கால் மரபின் நிலை வேறு. புனிதவதி வரலாற்று மாந்தர் என்று ஏற்றாலன்றி விழாவில் கனி பிடித்தல் ஆகாது என்று எவரும் விதிக்கவில்லை. பக்தருக்குத் தேவைப்படாத வரலாற்று உறுதியைப் புராணத்தின்மேல் ஏற்றியவர் பெரும்பாலும் நூலாசிரியரும் ஆசிரியப் பெருமக்களும் ஆவர். புராணம் என்று சேக்கிழார் மரபு வழங்கியதை வரலாறு என்று பெயர் மாற்றியது கல்விப்புலமே.

ஆய்வுக்கு நேரும் இழப்பு

இப்பெயர் மாற்றத்தால் இழப்புக்கு ஆளானவர் புலவரே. தமிழில் பெயரறியப்பட்ட பக்திப் பெண்பாற் புலவருள் காலத்தால் முந்தியவர் அவர். அந்தாதியை முழு நூல் வடிவாகக் கையாண்ட தொடக்கக்காலப் புலவருள் ஒருவர். கட்டளைக் கலித்துறையும் வெண்பாவும் மாறிமாறி வரும் இரட்டை மணிமாலையைப் பாடியவர். ஆயினும் வகுப்பறையில் அவரது யாப்பும் கவித்துவமும் இறைக்கோட்பாடும் பெறும் நேரத்தைவிட மாங்கனி பெறும் நேரம் மிகுதி. தம்மைப் பேய் என்று தாமே தேர்ந்து பெயரிட்டுக்கொண்ட ஒருவரின் குரல், கணவனால் கைவிடப்பட்ட மனைவியின் குரலாகக் கேட்கப்படுகிறது. இறைவனை வினவியும் எள்ளியும் உரிமையோடு பேசும் அந்தாதிப் பாடல்கள் கற்பின் சிறப்புக்கு எடுத்துக்காட்டாகச் சுருங்கிவிடுகின்றன.

1956இல் புதுச்சேரிப் பிரெஞ்சு இந்தியவியல் நிறுவனம், ழான் ஃபிலியோசாவின் முன்னுரையோடு, அம்மையார் பாடல்களைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்புடன் தனிநூலாக வெளியிட்டது. எலைன் கிராடக் (2010), கேரன் பெச்சிலிஸ் (2012) ஆகியோரின் நூல்கள் அம்மையாரை ஆய்வின் நடுவில் நிறுத்தின. புலவரின் குரலையும் சரிதம் எழுதியவரின் குரலையும் பிரித்துக் கேட்க வேண்டும் என்பதைப் பெச்சிலிஸ் விரிவாக விளக்கியுள்ளார். தமிழில் இவ்வகை ஆய்வு இன்னும் வளர வேண்டும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன.

1. அம்மையார் பற்றிய செய்திகள் ஒரே காலத்தன அல்ல. காரைக்கால் பேய் என்னும் பெயர் பாடல்களிலும், கயிலைச் செலவு நம்பியிடத்தும், புனிதவதியும் மாங்கனியும் சேக்கிழாரிடத்தும், மகப்பேற்று நம்பிக்கை திருவிழாவிலும் இடம்பெறுகின்றன.

2. சிற்பங்கள் பாடல்களின் பேயுருவத்தோடு ஒத்துச் செல்கின்றன. அவற்றுள் ஒன்று பெரியபுராணத்துக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் முற்பட்டது.

3. புராணத்தைக் கொண்டு பாடல்களை விளக்கி, அதனால் புராணத்தை மெய்ப்பிப்பது சுழல்வாதம். அதனைத் தவிர்க்கப் பாடல்களை முதலில் தனித்துப் பயில வேண்டும்.

4. புராணமும் விழாவும் தத்தம் காலத்துச் சமூகத்துக்கு உரிய சான்றுகள். அவற்றைப் பொய் என்பதும் வரலாறு என்பதும் ஒருசேரப் பொருந்தா.

பாடத்திட்டம் வகுப்போர் ‘வாழ்க்கை வரலாறு’ என்னும் தலைப்பை ‘சேக்கிழார் கூறும் சரிதம்’ என்று மாற்றி, அதனருகே ‘பாடல்கள்வழி அறியப்படுவன’ என்னும் பகுதியைச் சேர்த்தால் போதும். நம்புகின்ற மாணவர் எதையும் இழக்கமாட்டார். ஐயுறும் மாணவர் எதையும் மறைக்க வேண்டியிராது. காரைக்கால் தெருவில் கனி பிடிக்கும் கைகளுக்கு ஆய்வாளரின் ஒப்புதல் தேவையில்லை. தம்மைப் பேய் என்று சொல்லிக்கொண்ட புலவருக்கோ, அவர் சொன்னதை அவர் சொன்னபடியே கேட்கும் ஆய்வாளர் தேவைப்படுகின்றனர்.